பால் கட்டு என்று இருந்துவிடலாமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல் மாணவி

முன்னுரை

இம்மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு எங்கள் துறைப் பேராசிரியை கேட்டபோது, வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். பிறகு மனம் மாறி இத்தலைப்பைச் சொன்னேன். உடனிருந்த தோழி, "இதையெல்லாம் மலரில் போடுவார்களாடி? பையன்கள் படிப்பார்களே!" என்றாள். பேராசிரியையோ, "அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதச் சொல்கிறேன்" என்றார். அந்தச் சொல் எனக்குத் துணிவு தந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். அம்மா களை எடுக்கப் போகிறவர். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதானாலும், மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதானாலும், "அவள் வரட்டும், படிக்கிறவள்" என்று எனக்காகக் காத்திருப்பார்கள். அந்த நம்பிக்கையைப் பெற்றிருந்த நான் ஒருமுறை பெரும்பிழை செய்தேன். அதன் துன்பத்தை அனுபவித்தவள் என் அக்கா. அப்பிழையைச் சொல்லி, அதன்பின் கேட்டும் படித்தும் நான் அறிந்துகொண்டவற்றைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அக்காவிடம் அனுமதி கேட்டேன். "எழுதுடி, என் பேரை மட்டும் போட்டுவிடாதே" என்றாள்.

நான் செய்த பிழை

கடந்த ஆண்டு பங்குனி மாதம், அக்கா அரசு மருத்துவமனையில் தலைப்பிள்ளை பெற்று எங்கள் வீட்டிற்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்த பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை இரவு, அவளுக்குக் குளிரெடுத்து நடுக்கம் கண்டது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலி. இடது மார்பின் வெளிப்புறம் கல்லைப்போல் இறுகியிருந்தது. "பச்சை உடம்பு, காற்றுப் பட்டிருக்கும்" என்றார் ஆயா. மறுநாள் விடுதியிலிருந்து நான் வந்து சேர்ந்ததும், "ஏன்டி, நீதான் படிக்கிறவளாச்சே, பாத்துச் சொல்லு" என்றார் அம்மா.

அழற்சியின் அறிகுறிகளை நான் மனப்பாடம் செய்திருந்தேன். முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்பவர் தம் மருத்துவ நூலில் நான்கு குறிகளை எழுதி வைத்தார். சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என்பன அவை. நம் பாடநூலில் உள்ள வண்ணப்படத்திலும் வெண்ணிறத் தோலின்மேல் செக்கச் சிவந்த திட்டு ஒன்று இருக்கும். நான் அக்காவை விளக்கடியில் உட்காரவைத்து அந்தச் சிவப்பைத் தேடினேன். அக்கா என்னைவிடக் கறுப்பு. எங்கும் சிவப்பைக் காணோம். "சிவக்கவில்லை அம்மா. கிருமி ஒன்றுமில்லை. வெறும் பால் கட்டுத்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

படித்தவள் சொல்லிவிட்ட பிறகு யார் மருத்துவமனைக்குப் போவார்கள்? ஆயா கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் தடவி அழுத்தி உருவிவிட்டார். காய்ச்சல்காரியின் பால் குழந்தைக்கு ஆகாது என்று அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்தினார்கள். அக்கா அழுதாள். அப்பாவும் தம்பியும் வீட்டில் இருந்ததால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

செவ்வாய்க்கிழமை, குழந்தையை எடை பார்க்கக் கிராம சுகாதார செவிலியர் வந்தார். அவர் சிவப்பைத் தேடவில்லை. தம் புறங்கையை முதலில் வலது மார்பிலும் பிறகு இடது மார்பிலும் வைத்துப் பார்த்தார். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கத் தோலையும் ஒப்பிட்டார். இடப்பக்கத் தோல் இழுத்துக் கட்டிய பறைத்தோல்போல் விறைத்துப் பளபளத்தது. அதன் நிறம் மறுபக்கத்தைவிடக் கருத்து, கத்தரிப்பூ நிறம் ஓடியிருந்தது. அவர் காட்டிய பிறகுதான் என் கண்ணுக்கு அது தெரிந்தது. அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். ஸ்கேன் செய்ததில் உள்ளே சீழ் கட்டியிருந்தது தெரிந்தது. ஊசிகொண்டு இருமுறை சீழை எடுத்தார்கள்.

மடியும் மார்பும்

1758-ஆம் ஆண்டு லின்னேயஸ் நம் வகுப்பு உயிரினங்களுக்கு மம்மேலியா என்று பெயர் சூட்டினார். மார்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பாலூட்டிகளின் பண்புகளை எழுதச் சொன்னால் நாம் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுவோம். ஆயினும் அந்த உறுப்பு நோயுற்றால் எப்படியிருக்கும் என்பது நமக்குத் தெரியாது.

பால்சுரப்பியினுள் திராட்சைக் கொத்துப்போல் நுண்ணிய பைகள் உள்ளன. இரத்தத்திலிருந்து பொருள்களை ஈர்த்துப் பாலாக்குபவை அப்பைகளின் உட்சுவர்ச் செல்களே. இச்செயலைத் தூண்டுவது புரோலாக்டின் என்னும் ஹார்மோன். குழந்தை சப்பும்போது மூளையடிச் சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் வெளிப்பட்டு, பைகளைச் சுற்றியுள்ள தசைச் செல்களைச் சுருங்கச் செய்கிறது. பால் குழாய்களின் வழியே காம்புக்கு வருகிறது. இக்குழாய்கள் 15 முதல் 20 வரை உண்டென்று பழைய பாடநூல்கள் கூறும். 2005-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அல்ட்ராசவுண்டு கருவியால் பார்த்தபோது, காம்பில் திறக்கும் குழாய்கள் சராசரியாக 9 மட்டுமே இருக்கக் கண்டனர். மிக மெல்லியவையான இக்குழாய்கள், சுற்றியுள்ள திசு வீங்கினாலே நசுங்கிவிடும். ஆகவேதான் பால் தேங்குவதும் வீக்கமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

அப்பாவிடம் இதையெல்லாம் விளக்கியபோது அவர் சொன்ன ஒரு சொல் என் நெஞ்சில் தைத்தது. "மாட்டுக்கு மடி கல்லாச்சுன்னா தொட்ட உடனே எனக்குத் தெரியும். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கிட்டுப் போயிருப்பேன். பெத்த பொண்ணுக்கு அந்த நோவுன்னு எனக்கு யாரும் சொல்லலியே" என்றார். மாட்டின் மடிநோயும் தாய்மாரின் மார்பழற்சியும் ஒரே வகையின. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி இரண்டிலும் காணப்படுகிறது. 1880-களில் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் சீழில் இதைக் கண்டு, திராட்சைக் குலை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டார். மடிநோயைப் பற்றித் திண்ணையில் பேசுகிறோம். மார்புநோயைப் பற்றி அறைக்குள்ளும் பேசுவதில்லை.

ஒரே சொல், நான்கு நிலைகள்

நம் வீடுகளில் 'பால் கட்டு' என்ற ஒரே சொல்லால் நான்கு வெவ்வேறு நிலைகளைக் குறிக்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, பால் பெருக்கம். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் இரண்டு மார்பும் ஒருசேரக் கனத்து வீங்கும். அக்குளிலும் சிலருக்கு வீக்கம் வரும். கருவில் அக்குள் முதல் தொடையிடுக்கு வரை செல்லும் பால்கோடு என்ற ஒன்று தோன்றி, மார்பிருக்கும் இடம் தவிர மற்ற இடங்களில் மறைந்துவிடுகிறது. அதன் எச்சமாகச் சிலருக்கு அக்குளில் பால்திசு தங்கியிருக்கும். இது நோயன்று. குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுத்துவர ஓரிரு நாளில் தணியும்.

இரண்டாவது, ஓரிடத்துக் கட்டு. ஒரு மார்பில் ஓரிடத்தில் மட்டும் கட்டியாகத் தட்டுப்படும். தொட்டால் வலிக்கும். காய்ச்சல் இராது. பெரும்பாலும் ஓரிரு நாளில் கரைந்துவிடும்.

மூன்றாவது, மார்பழற்சி. பெரும்பாலும் ஒரு மார்பில், காம்பை நோக்கிக் குறுகும் ஆப்பு வடிவில் ஒரு பகுதி இறுகும். வெப்பம், வலி, 38.5 டிகிரி செல்சியஸுக்கு (101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு) மேல் காய்ச்சல், குளிர், உடல்வலி ஆகியவை சேரும். பிள்ளை பெற்ற முதல் ஆறு வாரங்களில் இது மிகுதி. தொடக்கத்தில் கிருமி இல்லாமலும் இந்த அழற்சி வரலாம். ஒரு நாளில் தணியாவிட்டாலும், நிலை மோசமானாலும் கிருமித் தாக்கு என்றே கருதி மருத்துவரிடம் செல்ல வேண்டும். காம்பில் வெடிப்பு இருந்தால் இன்னும் விரைவாகச் செல்ல வேண்டும்.

நான்காவது, சீழ்க்கட்டி. கட்டி கரையாமல் ஓரிடத்தில் நிலைத்து, அழுத்தினால் உள்ளே நீர் தளும்புவதுபோல் இருக்கும். மேல்தோல் மெலிந்து பளபளக்கும். சிலருக்குக் காய்ச்சல் விட்டுப்போய்க் கட்டி மட்டும் நிற்கும். காய்ச்சல் விட்டதென்று ஏமாந்துவிடக் கூடாது. என் அக்காவுக்குத் திங்கட்கிழமை காய்ச்சல் குறைந்ததும் நாங்கள் அப்படித்தான் மகிழ்ந்தோம்.

நம் தோலில் எப்படிப் பார்ப்பது?

இக்கட்டுரையில் நான் மிக வற்புறுத்த விரும்பும் பகுதி இதுவே. அழற்சியில் இரத்தக் குழாய்கள் விரிவதால் சிவப்புத் தோன்றுகிறது. மெலனின் மிகுந்த தோலில் அச்சிவப்பு மறைந்துவிடும். கருமையாகவோ, ஊதாவாகவோ, பழுப்பாகவோதான் தெரியும். சில வேளைகளில் நிறமாற்றமே தெரியாது. ஆகவே சிவப்பு இல்லை என்பதைக் கொண்டு நோய் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. செவிலியர் எனக்குக் கற்றுக்கொடுத்த முறை வருமாறு:

1. பகல் வெளிச்சத்தில் இரண்டு மார்பையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் வேறுபாடு தெரியாது.

2. உள்ளங்கையைவிடப் புறங்கை வெப்பத்தை நன்கு உணரும். நல்ல பக்கத்தை முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும்.

3. தோலின் பளபளப்பையும் விறைப்பையும் கவனிக்க வேண்டும். மெல்ல அழுத்தி இறுகிய பகுதியின் எல்லையை அறிய வேண்டும்.

4. அந்த எல்லையைச் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவால் கோடிட்டு வைக்கலாம். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் பரவுகிறதா, சுருங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

5. அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

6. மார்பின் சூடு அக்குளுக்கும் பரவுவதால் காய்ச்சல்மானியை வாயில் வைத்துப் பார்ப்பது நல்லது.

கருவுற்ற காலத்தில் காம்பைச் சுற்றிய வட்டம் கருப்பதும், அதில் சிறு மணிகள்போல் மேடுகள் தோன்றுவதும் இயற்கையே. அம்மேடுகள் 1837-ல் அவற்றை விவரித்த அயர்லாந்து மருத்துவர் மான்ட்கமரியின் பெயரால் வழங்கப்படுகின்றன. அவை சுரக்கும் எண்ணெய் காம்பைக் காக்கிறது. பருவென்று எண்ணிக் கிள்ளிவிடக் கூடாது. சோப்புப் போட்டுத் தேய்க்கவும் கூடாது.

தோலில் தோன்றும் வேறு மாற்றங்கள்

காம்பு வெடிப்பு: குழந்தை காம்பை மட்டும் கவ்விச் சப்புவதால் வருவது. காம்போடு கருவட்டத்தின் பெரும்பகுதியும் குழந்தையின் வாய்க்குள் செல்லுமாறு பிடித்தால் ஆறிவிடும். வெடிப்பு கிருமி நுழையும் வாசலாதலால் அதை அலட்சியம் செய்யலாகாது.

வெண்புள்ளி: காம்பின் நுனியில் குழாய் வாயில் தோன்றும் சிறு வெள்ளைப் புள்ளி. ஊக்கால் குத்தக் கூடாது.

நிறம் மாறும் காம்பு: பால் குடித்து முடித்ததும், குளிர்க்காற்றுப் பட்டதும் காம்பு வெளுத்து, நீலமாகிப் பின் சிவந்து சுரீரென வலிக்கும். இரத்தக் குழாய் சுருங்குவதே காரணம். இதில் கிருமியில்லை. வெதுவெதுப்பான துணியால் மூடினால் தணியும்.

நீர்க்கொப்புளங்கள்: கொத்தாகத் தோன்றி எரிந்தால் அக்கி வகை வைரஸாக இருக்கக்கூடும். பச்சிளங்குழந்தைக்கு இது பேராபத்து. கொப்புளம் இருக்கும் பக்கத்தில் பால் கொடுக்காமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

செதிலும் அரிப்பும்: கருவட்டத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் வந்தால் பெரும்பாலும் கரப்பான் எனலாம். ஒரே பக்கத்தில் காம்பிலேயே தொடங்கி, களிம்புக்கும் ஆறாமல் வாரக்கணக்கில் நீடித்தால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். 1874-ல் ஜேம்ஸ் பேஜட் என்னும் ஆங்கில மருத்துவர், இத்தகைய புண்ணுக்குப் பின்னால் புற்றுநோய் இருக்கக்கூடும் என்று எடுத்துக்காட்டினார்.

ஆரஞ்சுத் தோல்: மார்புத் தோல் தடித்து, ஆரஞ்சுப் பழத்தோல்போல் குழிகுழியாகி, மார்பு விரைவாகப் பெருத்து, பெரும்பாலும் காய்ச்சல் இல்லாமல் வரும். மருந்தை முழுமையாகச் சாப்பிட்டும் தணியாவிட்டால், அழற்சிபோல் தோன்றும் புற்றுநோயா என்று சோதிக்க வேண்டும். இது மிக அரிது. அஞ்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. பால் கொடுக்கும் பெண்ணுக்குப் புற்றுநோய் வராது என்று எண்ணித் தாமதிக்கக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

செய்யத்தக்கவையும் தகாதவையும்

முதலில், பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. மார்பழற்சி கண்ட தாயின் பாலால் நாள் நிரம்பிப் பிறந்த நலமான குழந்தைக்குத் தீங்கில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. திடீரென நிறுத்தினால் பால் தேங்கிச் சீழ் பிடிக்கும் வாய்ப்பு மிகும். நாங்கள் செய்த தவறுகளில் பெரியது இதுவே.

அழுத்திப் பிசைவதும் உருவுவதும் கூடாது. முன்பு மருத்துவர்களே அழுத்தித் தேய்க்கவும், மார்பை முற்றும் காலியாக்கவும் சொல்லி வந்தார்கள். தாய்ப்பால் மருத்துவத்திற்கான பன்னாட்டு மருத்துவர் அமைப்பு ஒன்று 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இக்கருத்து மாறிவிட்டது. அழுத்திப் பிசைந்தால் மெல்லிய திசு காயப்பட்டு வீக்கம் கூடுகிறது. தேவைக்கு மேல் கறந்தால் பால் இன்னும் மிகுதியாகச் சுரக்கிறது. குழந்தை விரும்பும்போது வழக்கம்போல் கொடுத்து, குளிர்ந்த துணியால் ஒத்தடமிட்டு, ஓய்வெடுப்பதே நன்று. ஆகவே ஆயாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் செய்ததை அண்மைக்காலம் வரை மருத்துவ நூல்களும் ஒருவாறு சொல்லித்தான் வந்தன.

மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவது நம் நாட்டு வழக்கம். ஆயாவும் அதற்காக இரண்டு முழம் பூ வாங்கி வரச் சொன்னார். வேலூர் மருத்துவர்கள் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், மல்லிகை உண்மையாகவே பால் சுரப்பைக் குறைக்கிறது என்று கண்டார்கள். குழந்தையை இழந்த தாய்க்கு அது உதவலாம். தொடர்ந்து பால் கொடுக்க வேண்டிய தாய்க்கு அது கூடாது.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் எடுக்கலாம். பாலூட்டும் தாய்க்கு அது பாதுகாப்பானது. கிருமிக்கொல்லி மருந்தை மட்டும் கடையில் நாமே கேட்டு வாங்கக் கூடாது. பாலூட்டும் தாய் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் குறித்த நாள்வரை, பெரும்பாலும் 10 முதல் 14 நாள், இடையில் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும்.

ஒரு நாளில் தணியாத காய்ச்சல், பரவும் வீக்கம், சீழ் அல்லது இரத்தம் வடிதல், கரையாத கட்டி இவற்றில் எது இருந்தாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சு வாங்குதல், மயக்கம், பிதற்றல், சிறுநீர் குறைதல் இருந்தால் ஒரு நிமிடமும் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

முடிவுரை

அக்கா இப்போது நலமாக இருக்கிறாள். சீழ் எடுத்த நாளிலும் செவிலியர் சொற்படி இரண்டு பக்கமும் பால் கொடுத்தாள். ஊசி போட்ட இடத்தில் பயறளவு வடு ஒன்று மட்டும் நிற்கிறது. "நீ வேணும்னா சொன்ன? தெரியாமத்தானே சொன்ன" என்பாள். ஆனாலும் அந்த மூன்று நாட்களை நான் மறக்க இயலவில்லை. ஒன்றும் அறியாதவளாக இருந்திருந்தால், "எனக்குத் தெரியாது, மருத்துவமனைக்குப் போகலாம்" என்று சொல்லியிருப்பேன். பாதி அறிந்தவளாக இருந்ததே தீங்காயிற்று.

நம் கல்லூரியில் என்னைப்போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் பலர் உண்டு. நம் வீடுகளில் நம் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆகவே தெரிந்ததைச் சரியாகத் தெரிந்துகொள்ளவும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் நாம் கடமைப்பட்டுள்ளோம். மாணவ நண்பர்களே, உங்கள் அக்காவோ அண்ணியோ பிள்ளை பெற்று வீட்டிலிருந்தால், "காய்ச்சல் இருக்கிறதா, மார்பு வலிக்கிறதா?" என்று உங்கள் அம்மாவையேனும் கேட்கச் சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் வண்டியை எடுங்கள். பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். அழற்சியைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, நம் நிறத்துத் தோலில் அது எப்படித் தெரியும் என்பதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி எனக்கு முன்பே கிடைத்திருந்தால், என் அக்காவைச் சனிக்கிழமையே மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருப்பேன்.